கோர்ட்டுக்குள் ஒரு விளையாட்டு அறை

வாய்தாவுக்குப் போகும் தாய்க்கு, கைக்குழந்தையை யாரிடம் விட்டுப் போவது என்பதே பெருங்கவலை. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இதற்கு வழி செய்திருக்கிறார்கள். பல நீதிமன்றக் கட்டடங்களிலேயே சிறுவர் மையங்கள் இயங்குகின்றன. வழக்கு விஷயமாக வருபவர்கள் பிள்ளைகளை அங்கே விட்டுச் செல்லலாம், கட்டணம் கிடையாது. 1993 முதல் 2008 வரை அம்மாநிலத் தலைமை நீதிபதியாக இருந்த ஜூடித் கே முன்னின்று வளர்த்த திட்டம் இது. பொம்மை, படக்கதை என்று பிள்ளைகளுக்குப் பொழுது போகும். பெற்றோரின் சண்டை சச்சரவு அவர்கள் காதில் விழாது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் 'ஹெட் ஸ்டார்ட்' என்னும் அரசு மழலைக் கல்வித் திட்டத்தில் சேரவும் மையப் பணியாளர்கள் வழிகாட்டுகிறார்கள். பிள்ளை பத்திரமாக இருந்தால்தான் தாய் பதறாமல் நீதிபதிக்குப் பதில் சொல்ல முடியும்.