தாதரில் தங்குவது எப்படி?

தேர்வுக்கோ, வேலைக்கான நேர்முகத்துக்கோ மும்பை செல்லும் நம் தோழர் பலர் தாதரில்தான் இறங்குகின்றனர். மத்திய இரயில்வேயும் மேற்கு இரயில்வேயும் கைகோக்கும் நிலையம் அது. ஆகவே சுற்றிலும் சிறு லாட்ஜுகள் பல.

முதலில் பெயர்ப்பலகையைப் படிக்க வேண்டும். 'லாட்ஜ்' என்றால் படுக்கை. 'லஞ்ச் ஹோம்' என்றால் சாப்பாடு. 'போர்டிங்' என்ற சொல்தான் ஆளை ஏமாற்றும். அடுத்த நிலையமாம் மாதுங்காவில் 1942 முதல் நடக்கும் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங்கில் வயிறார உண்ணலாம். பெட்டியை வைத்துப் படுக்க இடமில்லை!

அடுத்தது நேரக் கணக்கு. ஏழை மாணவன் பணம் இழப்பது இதில்தான். "24 மணி நேரம்" எனும் விடுதியில் விடியற்காலை 5 மணிக்குப் புகுந்தால் மறுநாள் 5 வரை அறை நமது. "பகல் 12" எனும் விடுதியிலோ அன்று நண்பகலே ஒரு நாள் தீர்ந்துவிடும். இரவும் தங்கினால் இரண்டு நாள் வாடகை. சாவி வாங்குமுன் நான் கேட்பது இதைத்தான். விசிறி ஓடுகிறதா என்பதெல்லாம் பிறகு. கைப்பொருள் குறைவெனில் பொதுக்கூடத்தில் ஒரு கட்டில் மட்டும் கேளுங்கள். அடையாள அட்டை அசலாகவே இருக்கட்டும். அதைக் காட்டாமல் பதிவேட்டில் பெயர் ஏறாது.

வழி சொல்பவர் பழைய நடைமேடை எண்ணைச் சொன்னால் நம்பாதீர். 2023 டிசம்பர் முதல் மேற்குப் பக்கத்துக்கு 1 முதல் 7. மத்தியப் பக்கத்துக்கு 8 முதல் 14.