விசுவாசமும் அனுமானமும்

மரக்காணத்து உப்பளங்களில், உப்பு விளைந்து வாரும் தறுவாயிலே பெருமழை பெய்யுமாயின் பாத்திகள் யாவும் கரைந்துபோம். "யார் செய்த பாவமோ!" என உப்பளத்தார் வருந்தக் கேட்டிருக்கிறோம். மறுநாளே அவர் பாத்தியைத் திருத்தி மீண்டும் உவர்நீர் பாய்ச்சுவர். ஆதலின் அச்சொல்லால் எவர்க்கும் தீங்கில்லை. ஆனால் 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அக்கரைக் குப்பங்களைத் தாக்கியபின், பிள்ளையை இழந்தாள் ஒருத்தியின் வாயிலில் நின்று அதனையே கூறின் எத்துணைக் கொடுமை!

இத்தகைய வழக்கொன்று நம் தமிழ்நாட்டிலேயே முன்னர் எழுந்ததுண்டு. 1934 ஜனவரி 15-இல் பீகாரில் நிலம் நடுங்கிப் பல்லாயிரவர் மாண்டனர். அப்போது தீண்டாமை ஒழிப்பு யாத்திரையில் இருந்த காந்தியடிகள், 24-ஆம் நாள் திருநெல்வேலியில் பேசுகையில், தீண்டாமையாகிய பாவத்திற்குக் கடவுள் விதித்த தண்டனையே அந்நடுக்கம் என்றார். கவி தாகூர் இதனை மறுத்தார். இயற்கைக் கேட்டிற்கு இயற்கையே காரணம். அடிகளின் நியாயத்தை ஒப்பின், அவருடைய சீர்திருத்தத்தாலேயே தெய்வம் சினந்தது என்று எதிரிகளும் சாதிக்கலாமே என்பது அவர் வாதம். அடிகள் அம்மறுப்பைத் தம் 'ஹரிஜன்' இதழிலேயே பதிப்பித்து விடையும் எழுதினார். இரண்டிற்கும் உள்ள தொடர்பைத் தம்மால் நிரூபிக்க இயலாது; ஆயினும் தம் உள்ளம் அவ்வாறே உணர்கிறது; கடவுளின் நியதிகள் அனைத்தையும் நாம் அறிந்தோமல்லோம் என்றார்.

இவ்விடையிற் பாதி நமக்கு உடன்பாடே. நிரூபணம் கிட்டுமளவும் காத்திருப்பது விசுவாசமாகாது. கடவுள் நீதியுள்ளவர் என்பதை எந்த அளவுகோலால் அளந்து நம்பினோம்? ஆயின், இன்ன பாவத்திற்கு இன்ன தண்டனை எனல் விசுவாசமன்று, அஃது அனுமானம். அனுமானிப்போன் பகுத்தறிவின் மன்றத்திலே சான்று காட்டக் கடவன். மாண்டோருள் தீண்டாமையால் ஒடுக்குண்டோரும் இருந்திலரோ? அவர்க்கு எதன்பொருட்டுத் தண்டனை? விசுவாசத்தின் போர்வையில் வந்த இவ்வனுமானத்தை ஒப்புதற்கு நம் மனம் இசையவில்லை. அடிகள்பால் நமக்குள்ள பேரன்பும் அதனை இசைவிக்கவில்லை.

லூக்கா சுவிசேஷத்தின் 13-ஆம் அதிகாரத்தில், சீலோவாமிற் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்ட செய்தி வருகின்றது. அவர்கள் ஏனையோரினும் பெரும் பாவிகளோ என்று வினவி, அல்லர் என்றே மறுக்கிறார் நம் ஆண்டவர். உடனே, கேட்டுநின்றோரைத்தான் மனந்திரும்பச் சொல்லுகிறார். மாண்டோரைப்பற்றிப் பின்னர்ப் பேச்சில்லை.

அடிகளும் ஒருவாறு இவ்விடத்திற்கே வந்து சேர்ந்தார் எனலாம். தம் நம்பிக்கை பிழையாயினும், அது தம்மையும் தம்மோடு நம்புவோரையும் தூய்மைப்படுத்த உதவும் என்று அவ்விடையிலேயே எழுதினார். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் பீகாருக்குச் சென்று, வீடிழந்தோரிடையே துயர்நீக்கும் பணியிலும் ஈடுபட்டார்.