நீருக்கடியில் படம் எடுக்க எந்த ஃபிளாஷ் வாங்கலாம்?

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்து இளைஞர் ஒருவர் என்னிடம் வந்து, "சார், காமிராவும் அதற்கு ஹவுசிங்கும் வாங்கிவிட்டேன். வெளி ஃபிளாஷ் எதை வாங்குவது என்றுதான் புரியவில்லை" என்றார். சர்க்கரைப் பொங்கல் தொன்னையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லி முடிக்கிற விஷயமாக அது இல்லை. ஆகவே இக்கட்டுரை. இதில் நான் செய்த தவறுகளும் வருகின்றன. அவற்றுக்கு ஆன செலவு என்னுடையது. படிப்பவர்களுக்காவது அது மிச்சமாகட்டும்.

அந்தமானில் குடியிருக்கும் நமக்குக் கடல் வாசலிலேயே இருக்கிறது. 2018 இறுதியில் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாறிய ஹேவ்லாக்கில், ஊரிலிருந்து வரும் உறவினர்கள்கூட ஒரு நாளில் முக்குளித்துப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் எடுத்த படங்களைப் பார்த்தால் எல்லாமே ஒரே நீலம். என் முதல் படங்களும் அப்படித்தான். செக்கச்செவேல் என்று நான் கண்ணால் பார்த்த மீன், படத்தில் சாம்பல் பூசியதுபோல் இருந்தது.

இதற்குக் காரணம் தண்ணீர்தான். சூரிய ஒளியிலுள்ள நிறங்களில் சிவப்பைத்தான் தண்ணீர் முதலில் உறிஞ்சுகிறது. 5 மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு பெருமளவு குறைந்துவிடும். அடுத்து ஆரஞ்சு, பிறகு மஞ்சள் என்று ஒவ்வொன்றாக மறைய, ஆழத்தில் நீலமும் பச்சையுமே மிஞ்சும். நம் மூளை ஓரளவு சரிசெய்து காட்டுகிறது. காமிரா உள்ளதை உள்ளபடியே பதிக்கிறது. போன நிறத்தைத் திரும்பக் கொண்டுவர ஒரே நல்ல வழி, வெள்ளை ஒளியை நாமே கீழே எடுத்துச் செல்வதுதான்.

இது புதிய யோசனை அல்ல. 1893-ல் பிரான்சின் பன்யூல்ஸ் கடற்கரையில் நீருக்கடியில் படமெடுத்த லூயி பூத்தான் என்ற உயிரியல் அறிஞர், மக்னீசியத்தை எரித்து வெளிச்சம் உண்டாக்க முயன்றார். இன்று நாம் பயன்படுத்தும் மின் ஃபிளாஷை, அதாவது ஸ்ட்ரோபை, வளர்த்தெடுத்தவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் ஹெரால்டு எட்ஜர்டன். 1950-களில் அவர் கடல் ஆய்வாளர் கூஸ்தோவுடன் சேர்ந்து பணியாற்றினார். கப்பல் ஊழியர்கள் அவரைச் செல்லமாக 'பாப்பா ஃபிளாஷ்' என்று அழைத்தார்கள்.

"காமிராவிலேயே ஃபிளாஷ் இருக்கிறதே, அது போதாதா?" என்று கேட்கலாம். போதாது. மழை பெய்யும் இரவில் ஸ்கூட்டர் ஹெட்லைட்டைப் போட்டால், சாலை தெரிவதற்கு முன் மழைத்துளிகள் பளிச்சிடுகின்றன அல்லவா? கடல் நீரிலும் மணல் தூசியும் நுண்ணுயிர்களும் மிதக்கின்றன. லென்சுக்குப் பக்கத்திலிருந்து புறப்படும் ஒளி அவற்றில் பட்டு நேரே லென்சுக்குத் திரும்பும். படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள் விழும். ஃபிளாஷை ஒரு கை நீளத்துக்குப் பக்கவாட்டில் தள்ளி வைத்தால், லென்சுக்கு எதிரே உள்ள தூசியில் ஒளி அதிகம் படாது. வெளி ஃபிளாஷ் வேண்டும் என்பதற்கு இதுவே முதல் காரணம்.

இனி, கடைக்குப் போகும் முன் பார்க்க வேண்டியவை.

1. இணைப்பு: நான் ஏமாந்த இடம் இது. மலிவாகக் கிடைத்ததே என்று பழைய ஃபிளாஷ் ஒன்றை வாங்கினேன். அது மின்கம்பியால் இயங்குவது. என் ஹவுசிங்கில் அந்தக் கம்பிக்கு இடமே இல்லை! இன்று புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஃபைபர் ஆப்டிக் கேபிள் வசதியானது. காமிராவின் சிறு ஃபிளாஷ் மின்னும்போது அந்த ஒளி கேபிள் வழியே சென்று வெளி ஃபிளாஷைத் தூண்டும். ஹவுசிங்கில் துளை இல்லை. நீர் புகும் பயமும் குறைவு. காமிராவில் ஃபிளாஷ் இல்லாவிட்டால் அதற்கென்று தனியாக டிரிக்கர் வாங்க வேண்டும். ஆக்‌ஷன் காமிராவோ செல்போனோ வைத்திருப்பவர்களுக்குப் பொதுவாக ஸ்ட்ரோப் உதவாது. தொடர்ந்து எரியும் வீடியோ விளக்கே சரி.

2. சக்தி: இதை 'கைடு நம்பர்' என்ற எண்ணால் குறிப்பார்கள். அந்த எண்ணைத் தூரத்தால் வகுத்தால் வைக்க வேண்டிய அபெர்ச்சர் கிடைக்கும். ஐ.எஸ்.ஓ. 100-ல் நீருக்கடியில் கைடு நம்பர் 8 என்றால், 1 மீட்டரில் எஃப் 8. அரை மீட்டரில் எஃப் 16. பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் காற்றில் அளந்த எண். தண்ணீருக்குள் அதில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோதான் தேறும். தூரம் இரண்டு மடங்கானால் ஒளி கால் பங்காகும். தண்ணீர் விழுங்குவது இதற்கு மேல். எனவே எவ்வளவு பெரிய ஃபிளாஷ் வாங்கினாலும் ஒன்று, ஒன்றரை மீட்டருக்கு அப்பால் நிறம் வராது. அதிக சக்திக்கு அதிகப் பணம் கொடுப்பதைவிட, மீனுக்கு அருகில் போகக் கற்றுக்கொள்வது மேல்.

3. ஒளி விரியும் கோணம்: சிறு நத்தை, இறால் போன்றவற்றை எடுக்கக் குறுகிய கோணம் போதும். அகல லென்சில் பவளப் பாறையை எடுக்க 100 பாகைக்குக் குறையாமல் வேண்டும். டிஃப்யூசர் என்னும் வெள்ளை மூடி போட்டால் கோணம் விரியும். ஆனால் சக்தி சற்றுக் குறையும்.

4. மறுபடி தயாராகும் நேரம்: ஒருமுறை மின்னிய பின் மீண்டும் தயாராக 2, 3 விநாடிகள் என்றால் சரி. அதற்கு மேல் என்றால் மீன் காத்திருக்காது. ரீசார்ஜ் செய்யும் ஏஏ அளவு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பாட்டரியில் ஓடும் ஃபிளாஷ் நம் தீவுகளில் சௌகரியம். பழைய பாட்டரியையும் புதியதையும் கலந்து போடாதீர்கள்.

5. கையால் மாற்றும் வசதி: டி.டி.எல். என்ற தானியங்கி முறை பல ஃபிளாஷ்களில் உண்டு. பின்னணியில் நீலக்கடல் பரந்திருந்தால் அது சில சமயம் ஏமாந்துபோகும். சக்தியைக் கையால் கூட்டிக் குறைக்கும் திருகு கட்டாயம் இருக்க வேண்டும். அபெர்ச்சரும் ஃபிளாஷ் சக்தியும் மீனின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கும். ஷட்டர் வேகம் பின்னணி நீலத்தைத் தீர்மானிக்கும். இந்த ஒன்று பிடிபட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஒன்றா, இரண்டா? முதலில் ஒன்று போதும். ஆனால் பிறகு இன்னொன்றைச் சேர்க்க இடமுள்ள தாங்கியாக வாங்குங்கள். இன்னொரு விஷயம்: ஃபிளாஷின் முகத்தை மீனை நோக்கி உள்பக்கமாகச் சாய்க்காதீர்கள். லென்சுக்குச் சற்றுப் பின்னால் வைத்து, நேராக அல்லது லேசாக வெளிப்பக்கம் பார்க்கத் திருப்புங்கள். ஒளியின் ஓரம் பட்டால் போதும்; வெள்ளைப் புள்ளிகள் வெகுவாகக் குறையும்.

பராமரிப்பு எளிது. மூடியிலுள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தில் ஒரு தலைமயிர் சிக்கினாலும் நீர் புகும். துடைத்து, தயாரிப்பாளர் சொன்ன கிரீசை மெல்லியதாகத் தடவுங்கள். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் ஊற வையுங்கள். புது ஹவுசிங்கைக் காமிரா இல்லாமல், உள்ளே டிஷ்யூ காகிதம் வைத்து, வாளித் தண்ணீரில் அமுக்கிச் சோதித்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. புது ஃபிளாஷோடு இறங்கிய முதல் நாள், அதன் கையைத் திருப்புவதிலேயே கவனமாக இருந்தேன். உடல் மெல்லத் தாழ்ந்தது தெரியவில்லை. துடுப்பு பட்டு, கொம்புப் பவளத்தில் ஒரு கிளை முறிந்து விழுந்தது. வேகமாக வளரும் அந்த வகைகூட வருஷத்துக்குச் சில அங்குலங்களே வளரும். உருண்டைப் பவளங்கள் அதைவிட மிக மெதுவாக. என் படம் ஒன்றும் சரியாக வரவில்லை. ஒடிந்தது ஒடிந்ததுதான். உடன் வந்த வழிகாட்டிப் பையன் திட்டவில்லை. கரையேறியதும், "அண்ணா, அடுத்த நாலு தடவை காமிரா இல்லாமல் வாங்க" என்றான். போனேன். நீரில் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் அசையாது நிற்கக் கற்றுக்கொண்ட பிறகே மீண்டும் காமிராவைத் தொட்டேன்.

அதற்குப் பின் எடுத்த படங்களில்தான் மீன்கள் நிஜ நிறத்தில் வந்தன. அசையாமல் நிற்பவனிடம் மீன் தானே நெருங்கி வருகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஆகவே, கேட்ட தம்பிக்கு என் பதில் இது: ஃபைபர் ஆப்டிக்கில் இயங்குகிற, 100 பாகை விரிகிற, கையால் சக்தியை மாற்றக்கூடிய நடுத்தர ஃபிளாஷ் ஒன்று வாங்குங்கள். வாங்குவதற்கு முன் உங்கள் ஹவுசிங்கைக் கையோடு எடுத்துப்போய்ப் பொருத்திப் பாருங்கள். அது வந்து சேர்வதற்குள் காமிரா இல்லாமல் நாலு முறை முக்குளித்துவிட்டு வாருங்கள். அடுத்த பொங்கலுக்குச் சங்கத்தில் உங்கள் படங்களைப் பார்க்கக் காத்திருக்கிறேன்.