தீக்குச்சியில் ஒரு தோணி

கோவில்பட்டியில் கடல் கிடையாது. தென்கிழக்கே அறுபது கிலோமீட்டர் போனால்தான் தூத்துக்குடி. ஆனாலும் மர மாதிரிக் கப்பல் கட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு இதைவிடத் தோதான ஊர் தமிழ்நாட்டில் கிடைக்காது என்பேன். வெளிநாடுகளில் இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர்கள் மருந்து முக்காத தீக்குச்சியைக் கடையில் பாக்கெட்டாக வாங்குகிறார்கள். இங்கே தீப்பெட்டி ஆபீசில் அது மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது.

கப்பல் பெருமையும் கரிசலுக்குப் புதிதல்ல. ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மறு ஆண்டு காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன. சிறை மீண்டபின் அவர் வக்கீலாகத் தொழில் செய்த ஊர்களில் கோவில்பட்டியும் ஒன்று. அவர் நினைவாகப் பள்ளிக் கண்காட்சிகளில் வைக்கும் கப்பலைப் பார்த்தால்தான் சங்கடம். தெர்மாகோலில் பாய் விரித்த மரக்கலம் ஒன்றைச் செய்து, அதன் நெற்றியில் ‘காலியா’ என்று எழுதி வைக்கிறார்கள். காலியா நிலக்கரி எரித்து ஓடிய நீராவிக் கப்பல். புகைபோக்கி இல்லாமல் அது ஓடியிருக்காது.

மரத்தில் பாய்க்கப்பல்தான் கட்ட வேண்டும் என்றால் நமக்குத் தோணி இருக்கிறது. தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போன மரக்கலம் அது. பாயோடு ஓடியது போய் இப்போது இன்ஜின் பொருத்தி ஓடுகிறது. ஐரோப்பியக் கம்பெனிகள் பெட்டியில் போட்டு விற்கும் ‘விக்டரி’, ‘கட்டி சார்க்’ கப்பல்களுக்குப் பலகைகூட அறுத்தே வந்துவிடும். விலையும் இறக்குமதி வரியும் சேர்ந்து கையைக் கடிக்கும். தோணி அப்படிப் பெட்டியில் வருவதில்லை. அளவு தேடுவதிலிருந்து எல்லாம் நம் பாடு. சுவாரசியமே அங்கேதான்.

எங்கே தேடுவது? 1830-களில் உலகைச் சுற்றிய பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எட்மோன் பாரிஸ், போன கரையில் எல்லாம் உள்ளூர்ப் படகுகளை அளந்து வரைந்தார். சோழமண்டலத் தோணியும் கட்டுமரமும் அவர் வரைபடங்களில் உண்டு. 1871-ல் பாரிஸ் நகரக் கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பாளரான பிறகு, அந்த வரைபடங்களை வைத்தே மாதிரிகள் செய்ய வைத்தார். தூத்துக்குடி முத்துக்குளிப்பை நன்கறிந்த மீன்துறை அதிகாரி ஜேம்ஸ் ஹார்னல், 1920-ல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றிப் பெரிய ஆய்வொன்றை வெளியிட்டார். தமிழிலேயே வேண்டுமென்றால், சென்னை அரசு கீழ்த்திசைச் சுவடி நூலகத்தார் 1950-ல் அச்சிட்ட ‘கப்பல் சாத்திரம்’ இருக்கிறது. மரம் தேர்வதும் அளவும் அதில் வரும். சோதிடமும் தாராளமாக வரும். பொறுமை வேண்டும்.

இனி வேலை. 48-க்கு 1 என்ற அளவை எடுத்துக்கொண்டால் 24 மீட்டர்த் தோணி அரை மீட்டரில் அடங்கும். இரண்டு மில்லிமீட்டர்க் கனமுள்ள குச்சி, நாலங்குலக் கனப் பலகைக்குச் சமம். ஐந்தரை அடி ஆள் இந்தக் கணக்கில் தீக்குச்சியைவிடக் கொஞ்சம் குள்ளம்! தோணியின் அடிமரமான ஏராக்கட்டைக்கும் விலா எலும்பு மாதிரி நிற்கும் வங்குக்கும் சீமைக்கருவேலக் கிளை போதும். ஊரே திட்டும் மரம். ஆனால் கெட்டி, இயல்பிலேயே வளைந்த கவையும் கிடைக்கும். பெரிய தோணி கட்டும் ஓடாவிகளும் வளைந்த மரமாகப் பார்த்துத்தான் வங்குக்கு எடுப்பார்கள்.

குச்சி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மருந்துக்கு முன்னால் குச்சியின் நுனியை மெழுகில் முக்குவார்கள். மெழுகு ஏறிய குச்சியில் பசை பிடிக்காது. அதற்கும் முந்திய வெறுங்குச்சியாகக் கேட்டு வாங்குங்கள். வெந்நீரில் ஊறவைத்தால் நுனி, தோணியின் முன்பகுதியான அணியத்தின் வளைவுக்கு இணங்கும். ஒட்டும்போது இணைப்புகள் ஒரே கோட்டில் விழக் கூடாது, செங்கல் வரிசை மாதிரி மாறி மாறி வர வேண்டும். ஒட்டுமுன் ஒவ்வொரு குச்சியின் விளிம்பிலும் பென்சிலால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபின் இடுக்குகள் கறுப்புக் கோடாகத் தெரியும். அசல் தோணியில் அந்த இடுக்குகளில்தான் தண்ணீர் புகாதபடி பஞ்சுத் திரியை உளியால் அறைந்து கலப்பத்து பார்ப்பார்கள். கயிறுகளுக்குப் பருத்தி நூலைத் தேன்மெழுகில் உருவிக்கொள்ளுங்கள், பிசிறு அடங்கும். இவ்வளவும் செய்துவிட்டுச் சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் காயப்போடாதீர்கள். கோவில்பட்டி வெயில் மரத்தை வெடிக்க வைத்துவிடும்.

தோணியில் கை தேர்ந்தவர்கள் அடுத்து ‘அன்னபூரணி அம்மாள்’ கட்டலாம். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழர்கள் கட்டிய பாய்க்கப்பல்; அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்க, 1938-ல் மாசசூசெட்சின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. நம் கப்பல்களில் இதைவிடப் பெரிய கதை எதற்கும் இல்லை. ஆனால் முதல் வேலையாக அதை எடுக்காதீர்கள், பாய்களும் கயிறுகளும் ஆளை அசத்திவிடும்.

பழைய நூல்களைவிட நல்ல ஆதாரம் இன்னும் தண்ணீரில் நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் தோணிகள் ஓடாமல் கரையில் கட்டிக் கிடக்கும். அப்போது தூத்துக்குடிக்கு ஒரு பஸ் பிடியுங்கள். முதலாளியிடமோ தோணியை ஓட்டும் தண்டலிடமோ அனுமதி கேட்டு, டேப் பிடித்து நீளம், அகலம், ஆழம், வங்குகளின் இடைவெளி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள். கப்பல் கட்டாமல் போனாலும் அந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கட்ட நினைக்கும் இன்னொருவருக்குக் கொடுங்கள்.