மூட முடியாத ரேடியேட்டர்

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் என் நண்பர் குடும்பத்தோடு வாடகைக்கு இருக்கிறார். அந்த வீட்டில் 7 ரேடியேட்டர்கள். சுவரை ஒட்டி நிற்கும் இந்த இரும்புப் பலகைகளுக்குள், அடுப்பில் காய்ந்த வெந்நீர் ஓடித்தான் அறைகள் சூடாகின்றன. 6 ரேடியேட்டர்களின் ஓரத்தில் ஒரு திருகு இருக்கும். சூடு போதுமென்றால் மூடிவிடலாம். மாடிக் குளியலறையில் இருக்கும் ஏழாவதற்கு மட்டும் திருகு கிடையாது. ஜூன் மாதத்தில் குளிக்க வெந்நீர் வேண்டி அடுப்பை மூட்டினால்கூட அது கைவைக்க முடியாதபடி சுடும். வீட்டைக் கட்டியவர் மறந்துவிட்டார் போலிருக்கிறது என்றே நண்பர் நினைத்திருந்தார்.

2025 ஜனவரி 24, வெள்ளிக்கிழமை அதிகாலை ஏயோவின் புயல் கரையைத் தொட்டது. கால்வே கடற்கரையில் உள்ள மேஸ் ஹெட் வானிலை நிலையத்தில் காற்று மணிக்கு 183 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியது. நாடு முழுவதும் 7 லட்சத்து 68 ஆயிரம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. நண்பர் அப்போதுதான் அடுப்பு நிறையப் பிரிக்கெட் என்னும் எரிபொருள் கட்டிகளைப் போட்டிருந்தார், அவை நன்றாகப் பற்றியிருந்தன. விளக்கு அணைந்தது, வெந்நீரைத் தள்ளும் பம்ப்பும் நின்றது. நெருப்பு மட்டும் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் 6 ரேடியேட்டர்கள் சில்லிட்டுப் போக, ஏழாவது மட்டும் வழக்கத்தைவிட அதிகமாகச் சுட்டது.

காற்று ஓய்ந்ததும் எட்டிப் பார்க்க வந்த பக்கத்து வீட்டு முதியவரிடம் நண்பர் இதைச் சொன்னார். அவர் சொன்ன பதிலை அன்று மாலை போனில் எனக்கு அப்படியே ஒப்பித்தார்: "அதுக்குத் திருகு வைக்கவே கூடாதுங்க. நெருப்புக்கு ஸ்விட்ச் கிடையாதே! அது தர்ற சூடு எங்கேயாவது போய்த்தானே ஆகணும்?"

பல எரிபொருள் பாய்லர் அடுப்பின் அறிவியல் முழுவதும் அந்தப் பதிலுக்குள் இருக்கிறது.

தண்ணீர்ச் சட்டை போட்ட அடுப்பு

குழாய் எரிவாயு எட்டாத அயர்லாந்துக் கிராமங்களில் இந்த அடுப்பு பழகிய பொருள். வெளிப்பார்வைக்குக் கண்ணாடிக் கதவு வைத்த இரும்புப் பெட்டி. உள்ளே அசைத்துச் சாம்பலை உதிர்க்கக்கூடிய கம்பித் தட்டு, அதற்குக் கீழே சாம்பல் தட்டு, மேலே புகைபோக்கி. சாதாரணக் கணப்படுப்பிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது, நெருப்பின் முதுகுப் பக்கத்தையும் பக்கவாட்டையும் சுற்றியிருக்கும் இரட்டைச் சுவர். அந்த இரண்டு சுவர்களுக்கும் நடுவே தண்ணீர் நிற்கிறது. அதுதான் பாய்லர். அங்கே சூடேறிய தண்ணீர் குழாய் வழியாக வீட்டைச் சுற்றிவிட்டு, ஆறிப்போய்த் திரும்பி வருகிறது.

திறந்த கணப்பில் நெருப்பின் சூட்டில் முக்கால் பங்குக்கு மேல் புகைபோக்கி வழியாகவே போய்விடும். மூடிய அடுப்பு இதைத் தலைகீழாக்கி, 70 முதல் 80 சதவீதம் வரை வீட்டுக்கே தருகிறது. அதில் ஒரு பங்கு அறைக்கு நேராகவும் மறு பங்கு தண்ணீருக்கும் போகிறது.

பாய்லருக்குள் 15 லிட்டர் தண்ணீர் நிற்கிறது, நெருப்பு அதற்கு 10 கிலோவாட் சூடு தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பம்ப் நின்று தண்ணீர் போக வழியில்லை என்றால், 60 டிகிரியிலிருந்து கொதிநிலைக்கு வர சுமார் 4 நிமிடம் போதும். கொதித்து ஆவியானால் தண்ணீர் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். கேஸ் அடுப்பில் இப்படியொரு நிலை வந்தால் வால்வை மூடி நிறுத்தலாம். கனன்று கொண்டிருக்கும் கரியை அப்படி நிறுத்த முடியாது.

பம்ப் இல்லாமல் ஏறும் தண்ணீர்

இங்கேதான் ஏழாவது ரேடியேட்டர் வருகிறது. 80 டிகிரி சூட்டில் ஒரு கனமீட்டர் தண்ணீரின் எடை 972 கிலோ. 60 டிகிரியில் 983 கிலோ. வித்தியாசம் 11 கிலோதான். சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏற, ஆறிய தண்ணீர் கனத்துக் கீழே இறங்க, சுழற்சி தானாக நடக்கிறது. 3 மீட்டர் உயர மாடிக்கு இந்த எடை வித்தியாசம் தரும் உந்துதலைக் கணக்கிட்டால், சுமார் 33 மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம்தான் வருகிறது. கிட்டத்தட்ட இரண்டு விரற்கடை. பம்ப் தருவதோ பல மீட்டர்.

இவ்வளவு மெல்லிய உந்துதலை நம்பியிருப்பதால், அந்த ரேடியேட்டருக்குப் போகும் குழாய் மட்டும் 28 மில்லிமீட்டர் விட்டத்தில் இருக்கிறது. அடுப்பிலிருந்து மாடிவரை ஓரிடத்திலும் கீழே வளையாமல் ஏறிக்கொண்டே போகிறது. வழியில் ஒரு திருகோ வால்வோ இருந்தால், என்றோ ஒருநாள் யாராவது அதை மூடிவிடக்கூடும். அதனால்தான் வைப்பதில்லை. நெருப்பின் சூடு எந்த நேரமும் போய்ச்சேர ஒரு வழி திறந்திருக்க வேண்டும் என்பது இந்த அடுப்பின் முதல் விதி.

இரண்டாவது காப்பு பரணில் இருக்கிறது. பாய்லரிலிருந்து ஒரு குழாய் நேரே மேலே போய், பரணில் இருக்கும் சின்னத் தொட்டியின்மேல் வாய் திறந்தபடி வளைந்து நிற்கிறது. தண்ணீர் கொதித்தாலும் ஆவி அந்த வழியே வெளியேறிவிடும், அழுத்தம் சேராது. தொட்டியிலிருந்து இன்னொரு குழாய் குறைந்த தண்ணீரை நிரப்பித் தரும்.

இதே அறிவு நம் வீடுகளிலும் இருந்தது. செம்பு வெந்நீர் பாய்லரைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். நடுவில் கரியும் சிரட்டையும் போடும் குழல், அதைச் சுற்றித் தண்ணீர், மேலே ஒரு புனல். புனலில் ஒரு செம்பு பச்சைத் தண்ணீரை ஊற்றினால் மூக்கு வழியாக ஒரு செம்பு வெந்நீர் வரும். அந்தப் புனலுக்கு மூடியும் பூட்டும் இல்லை. திறந்தே இருந்ததால்தான் எத்தனை கொதித்தாலும் அது வெடிக்கவில்லை. மாறாக, பிரிட்டனின் பழைய வீடுகளில், பயன்படுத்தாமல் விட்ட பாய்லரின் குழாய்களை இருபுறமும் அடைத்துவிட்டு, அது தெரியாமல் முன்னால் கணப்பை மூட்டியபோது வெடித்து உயிர் போன விபத்துகள் நடந்திருக்கின்றன. உறைபனியில் குழாய்த் தண்ணீர் கட்டியாகிப் போனாலும் இதே ஆபத்துதான்.

விறகுக்கு மேல்காற்று, கரிக்குக் கீழ்க்காற்று

அடுத்த குளிர்காலத்தில் அந்த வீட்டில் சில வாரம் தங்கியபோது அடுப்பு மூட்டும் வேலை என்னிடம் வந்தது. முதல் நாள் விறகை அடுக்கி, கீழ்க்காற்றுத் துவாரத்தை முழுக்கத் திறந்து வைத்தேன். விறகு சடசடவென்று எரிந்து அரைமணியில் சாம்பலானது. ரேடியேட்டர் வெதுவெதுப்போடு நின்றது. மறுநாள் பிரிக்கெட்டுக்கு மேல்காற்றை மட்டும் திறந்தேன். அது எரியாமல் புகைந்தது. இரண்டு நாளும் தவறு என்னுடையது.

உலர்ந்த விறகைச் சூடாக்கினால் அதன் எடையில் சுமார் 80 சதவீதம் வாயுவாக வெளியேறுகிறது. நாம் பார்க்கும் மஞ்சள் ஜுவாலை அந்த வாயு எரிவதுதான். அது எரிவது விறகுக்கு மேலே. ஆகவே காற்றும் மேலிருந்து வரவேண்டும். விறகு சாம்பல் மெத்தையில் படுத்து எரிந்தால் இன்னும் நல்லது. கங்கு ஆறாமல் இருக்கும். ஆந்த்ரசைட் நிலக்கரியிலோ வாயுவாகப் பிரியும் பொருள் 10 சதவீதத்துக்கும் குறைவு. அது கட்டியாகவே, மேற்பரப்பில் கனன்று எரியும். அதற்குக் காற்று கம்பித் தட்டின் இடுக்குகள் வழியாகக் கீழிருந்து ஊடுருவ வேண்டும். சாம்பல் அடைத்துக்கொண்டால் தணல் செத்துவிடும். அயர்லாந்தில் டர்ஃப் என்று சொல்லும், சதுப்பு நிலத்திலிருந்து வெட்டும் பீட் கட்டியும், பீட் பொடியை அழுத்திச் செய்த பிரிக்கெட்டும் இவை இரண்டுக்கும் இடைப்பட்டவை. எதைப் போட்டாலும் எரியும் என்பது மட்டும் பல எரிபொருள் அடுப்பின் சிறப்பு அல்ல. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய காற்றைக் கொடுக்க முடியும் என்பதுதான் அதன் சிறப்பு.

நெருப்பும் தண்ணீரும் பேசும் பேரம்

விறகிலிருந்து பிரியும் வாயு முழுதாக எரிய அடுப்பின் உள்ளே 600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதன் பக்கத்திலேயே நிற்கும் பாய்லர் சுவரோ, உள்ளே தண்ணீர் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. நெருப்பு தன்னைக் காத்துக்கொள்ளச் சூட்டை வைத்திருக்கப் பார்க்கிறது. தண்ணீர் அதை இழுத்துக்கொண்டே இருக்கிறது. தண்ணீர் அளவுக்கு மீறி எடுத்துவிட்டால் வாயு எரியாமலே நழுவி, புகையாகவும் தாராகவும் மாறும்.

குளிர்ந்த தண்ணீர் பாய்லருக்குத் திரும்பி வந்தால் சிக்கல் இன்னும் பெரிது. புகையில் இருக்கும் நீராவி அந்தக் குளிர்ச் சுவரில் வியர்த்து, கரியோடும் அமிலத்தோடும் சேர்ந்து தாராக ஒட்டுகிறது. இரும்பு அரிக்கிறது. புகைபோக்கியில் படிந்த தார் ஒருநாள் தீப்பிடிக்கவும் கூடும். ஆகவேதான் குழாயில் ஒரு தெர்மோஸ்டாட்டைக் கட்டி, தண்ணீர் 45, 50 டிகிரி வந்த பிறகே பம்ப் ஓடும்படி வைக்கிறார்கள். முதலில் நெருப்பு தேறட்டும், வீடு பிறகு என்று அர்த்தம்.

ஈரவிறகு இந்தப் பேரத்தை முதல் வரியிலேயே கெடுத்துவிடும். 20 சதவீத ஈரம் உள்ள ஒரு கிலோ விறகு சுமார் 4 யூனிட் ஆற்றல் தரும். அன்று வெட்டிய, பாதி எடை தண்ணீராக இருக்கும் விறகு தருவது சுமார் 2.2 யூனிட்தான். நஷ்டம் அதோடு முடிவதில்லை. அந்தத் தண்ணீரை ஆவியாக்கச் செலவாகும் சூடு நெருப்பின் வாயிலிருந்தே பறிக்கப்படுவதால், மீதி வாயுவும் எரியாமல் போகிறது. இரவு முழுக்கக் கனலட்டும் என்று காற்றை இறுக மூடுவதும் இதையே செய்யும். கூடவே நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உருவாகும். அந்த வீட்டில் அடுப்பறைச் சுவரில் பேட்டரியில் இயங்கும் ஓர் எச்சரிக்கைக் கருவி இருக்கிறது. அது இல்லாமல் எந்த வீட்டிலும் இந்த அடுப்பை மூட்டக் கூடாது.

புகைக்குக் கொடுத்த விலை

எரியாமல் நழுவிய வாயு வீட்டை விட்டுப் போய்விடலாம், ஊரை விட்டுப் போவதில்லை. 1980-களில் டப்ளின் நகரம் குளிர்காலம்தோறும் நிலக்கரிப் புகையில் மூச்சுத் திணறியது. 1990 செப்டம்பர் 1 முதல் அங்கே புகை கக்கும் நிலக்கரியை விற்கத் தடை வந்தது. கரும்புகையின் அளவு சுமார் 70 சதவீதம் குறைந்தது. மூச்சு நோயால் இறப்போர் எண்ணிக்கையும் குறைந்ததை 2002-ல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு காட்டியது. 2022 அக்டோபர் 31 முதல் அந்தத் தடை நாடு முழுவதற்கும் விரிந்தது. சிறு அளவில் விற்கும் விறகின் ஈரத்துக்கும் சட்டம் உச்சவரம்பு வைத்தது.

டர்ஃபின் கதை இன்னும் மனதைத் தொடுவது. சதுப்பு நிலத்துப் பாசியும் செடிகளும் மக்காமல் படிந்து பீட் ஆகின்றன. ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். கையில் எடுக்கும் 10 சென்டிமீட்டர் தடிமனான டர்ஃப் ஒரு நூற்றாண்டின் சேமிப்பு. அடுப்பில் அது ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. உலக நிலப்பரப்பில் 3 சதவீதமே இருக்கும் பீட் நிலங்கள், உலகத்துக் காடுகளில் நிற்கும் மரஞ்செடிகள் எல்லாவற்றையும்விட அதிகக் கார்பனைத் தங்களுக்குள் பூட்டி வைத்திருக்கின்றன. நம் நீலகிரியின் மேட்டுச் சதுப்புகளிலும் பீட் உண்டு. 20,000 ஆண்டுப் பருவமழையின் ஏற்ற இறக்கத்தை ஆர். சுகுமாரும் சக ஆய்வாளர்களும் அதிலிருந்து படித்து 1993-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். பீட் எரிபொருளுக்காகவே 1946-ல் அமைந்த அயர்லாந்து அரசு நிறுவனமான போர்டு ந மோனா, சதுப்பிலிருந்து பீட் எடுப்பதை முற்றாக நிறுத்திவிட்டதாக 2021 ஜனவரியில் அறிவித்தது. தாத்தா காலத்திலிருந்து டர்ஃப் வெட்டி வீட்டைச் சூடாக்கிய குடும்பங்களுக்கு இது சுலபமான செய்தி அல்ல. ஆனாலும் நெருப்பு தின்றதைத் திருப்பித் தர அந்தச் சதுப்புக்கு நூறு நூறு ஆண்டுகள் வேண்டும்.

சூட்டைச் சேமித்தல்

நெருப்பையும் தண்ணீரையும் சமாதானப்படுத்த ஒரு வழி உண்டு. 1,000 லிட்டர் தண்ணீர் கொள்ளும், சூடு கசியாதபடி போர்த்திய தொட்டி ஒன்றை இடையில் வைப்பது. அதை 40 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு ஏற்றினால் சுமார் 46 யூனிட் ஆற்றல் அதில் தங்கும். சுமார் 15 கிலோ உலர்விறகை, காற்றைக் கஞ்சத்தனம் பண்ணாமல் கொடுத்துச் சில மணி நேரத்தில் ஜுவாலையோடு எரித்து முடித்துவிட்டு, அந்தச் சூட்டை இரவு முழுக்க வீட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரிமாறலாம். நெருப்பை அமுக்கி வைக்கும் தேவையே இல்லை. புகையும் குறையும், தாரும் குறையும்.

வாடகை வீட்டில் நண்பருக்கு அந்த வசதி கிடைக்காது. தன்னால் முடிந்ததை அவர் செய்கிறார். புயலுக்குப் பின் மின்சாரம் இல்லாத 5 நாளும், ஏழாவது ரேடியேட்டரால் ஏற்க முடிந்த அளவுக்கே, ஒரு நேரத்துக்கு இரண்டு விறகு வீதம் போட்டுச் சின்ன நெருப்பாகவே காத்தார். குளியலறையை ஒட்டிய அறையில் நான்கு பேரும் படுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளின் காலுறைகள் அந்த ரேடியேட்டரின்மேல் காய்ந்தன.

நான் கிளம்பும் முன் கொல்லைப்புறக் கொட்டகையைக் காட்டினார். மரத்தைப் பிளந்து, காற்று நுழைய இடைவெளி விட்டு அடுக்கிய இரண்டு வரிசை. பின்சுவரில் சாக்கட்டியால் எழுதியிருந்தார்: ஒன்றுக்கு இந்த ஆண்டு, மற்றதற்கு அடுத்த ஆண்டு. "இரண்டு கோடை காயணும். அடுத்த குளிருக்கான அடுப்பை நான் இப்பவே மூட்டத் தொடங்கிட்டேன்" என்றார், ஒரு கட்டையின் வெட்டுமுகத்தைக் கட்டைவிரலால் தடவி ஈரம் பார்த்தபடி.