நாற்காலியிலிருந்து பாய்க்கு

எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் கை வைத்த நாற்காலி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தலைமையாசிரியர்கூட அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆண்டாய்வு நாளில் மட்டும் அது அறையை விட்டு வெளியே வரும். ‘நாளைக்கு ஏ.இ.ஓ. வர்றார்’ என்று, உதவிக் கல்வி அலுவலர் ஆய்வுக்கு வரும் சேதி எட்டிவிட்டால் பள்ளிக்கூடம் கல்யாண வீடாகிவிடும். சுவருக்குச் சுண்ணாம்பு, கரும்பலகைக்கு ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும் அரைத்த பூச்சு, வாசலுக்கு மாவிலைத் தோரணம். ஆடு மேய்க்கப் போன பையன்களை வீடு வீடாகத் தேடிப் பிடித்து வந்து, தலைக்கு எண்ணெய் வைத்து உட்கார்த்துவார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் முன்வரிசைக்கு வந்துவிடுவார்கள்.

அவர் வந்து அமர்வார். இளநீர் வரும். சேர்க்கை நீக்கல் பதிவேடு, வருகைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு என்று ஒவ்வொன்றாக மேசைக்குப் போகும். பிறகு ஒரு பாடம் நடத்தச் சொல்வார். தினமும் எங்களை நோக்கிப் பிரம்பு தூக்கும் வாத்தியாரின் கை, அன்று சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நடுங்கும். நான்காம் வகுப்பில் நான் கற்ற பாடங்களில் பாதி மறந்துவிட்டது. அந்த நடுக்கம் மறக்கவில்லை.

பள்ளியை மதிப்பிட வருகிறவர் எங்கிருந்து வருகிறார்? இந்த வேலைக்கு வருமுன் என்ன செய்துகொண்டிருந்தார்? அவர் வகுப்பில் எங்கே உட்காருகிறார், எதைக் கேட்கிறார், யார் பயப்படுகிறார்கள் என்பதெல்லாம் அவர் வந்த வழியைப் பொறுத்தவை. தமிழ்நாட்டில் அந்த வழி 170 ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது.

துரையின் பென்சில்

1854இல் லண்டனிலிருந்து வந்த சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை, மாகாணந்தோறும் கல்வித்துறை வேண்டும், பள்ளிகளைப் பார்வையிட ஆய்வாளர்கள் வேண்டும் என்றது. மறு ஆண்டே சென்னை மாகாணத்தில் கல்வித்துறை பிறந்தது. அதன் முதல் இயக்குநர் அலெக்சாண்டர் ஆர்பத்நாட். அவர் ஆசிரியராக இருந்தவர் அல்லர். சென்னை சிவில் சர்வீஸ் அதிகாரி. பின்னாளில் மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகவும் இருந்தார். வரி வசூலையும் நிர்வாகத்தையும் பார்த்த வர்க்கத்திலிருந்தே பள்ளிகளுக்கும் தலைவர் வந்தார்.

மேலே ஐரோப்பிய ஆய்வாளர்கள், அவர்களுக்குக் கீழே நம்மவர்களான துணை ஆய்வாளர்கள் என்று அடுக்கு அமைந்தது. டெபுடி இன்ஸ்பெக்டர் என்றால் ஊரில் தாசில்தாருக்கு நிகரான மரியாதை. அவருக்கு அந்த இடத்தைத் தந்தது ஆங்கிலப் படிப்பும் பட்டமும்தான். திண்ணையில் மணலைப் பரப்பி அரிச்சுவடி சொல்லித்தந்த வாத்தியார், அந்தப் பட்டத்தின் முன்னால் கைகட்டி நின்றார்.

அந்த மரியாதைக்குப் பின்னால் பசியும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேர்ச்சிக்கு ஏற்ற மானியம் என்ற முறை இங்கே நடப்பில் இருந்தது. ஆய்வாளர் வந்து பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சோதிப்பார். வாசிப்பில் தேறினால் இவ்வளவு, கணக்கில் தேறினால் இவ்வளவு என்று மானியம். அவருடைய பென்சில் போடும் கோடு வாத்தியார் வீட்டு உலையைத் தீர்மானித்தது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையையும் அன்று எப்படியாவது தூக்கிக்கொண்டு வர வேண்டும். எங்கள் வாத்தியாரின் கை நடுக்கம் அவரோடு பிறந்ததல்ல என்று இந்த மானியமுறையைப் பற்றிப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. மானியமுறை போய்ப் பல்லாண்டு ஆன பின்னும் அச்சம் மட்டும் பரம்பரைச் சொத்துபோல் கைமாறி வந்திருக்கிறது.

அந்தக் காலத்திலும் வேறு வழியில் வந்தவர்கள் உண்டு. பெண் பள்ளிகளுக்கு ஆண் ஆய்வாளர் போவதில் இருந்த தயக்கத்தால், பெண்களுக்கு இந்த வேலையின் கதவு திறந்தது. சென்னையில் பெண் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த இசபெல் பிராண்டர், குழந்தைகளுக்கு விளையாட்டின் வழியே கற்பிக்கும் கிண்டர்கார்டன் முறையை இந்திய வகுப்பறைக்குப் பொருத்திப் புத்தகம் எழுதினார். அவருக்குப் பின் அதே பொறுப்பில் வந்த மிஸ் லிஞ்ச், இளம் விதவைகளைப் படிக்க வைக்க சகோதரி சுப்புலட்சுமி எடுத்த முயற்சிக்குத் துணை நின்றார். குறையைக் குறித்துக்கொண்டு போவதோடு நிற்காமல், பள்ளி எழ வேண்டிய இடத்தில் எழுப்பவும் ஆய்வாளரால் முடியும் என்பதற்கு இவர்கள் அன்றே சான்றாக இருந்தார்கள்.

ஒரு மருத்துவர் எழுதிய மருந்துச்சீட்டு

விடுதலைக்குப் பின் இடைநிலைக் கல்வியைச் சீர்செய்ய 1952இல் ஒரு குழு அமைந்தது. அதன் தலைவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார், தொழிலால் மகப்பேறு மருத்துவர். 1953இல் வந்த அவர்களது அறிக்கை, ஆய்வாளர் யாராக இருக்க வேண்டும் என்பதை நேராகவே பேசியது. பத்தாண்டு அனுபவமுள்ள ஆசிரியர்களிலிருந்தும், உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களிலிருந்தும், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் இருப்பவர்களிலிருந்தும் ஆய்வாளர்களை எடுக்கலாம். மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் அந்த வேலையைப் பார்த்துவிட்டு அவர்கள் பழைய இடத்துக்கே திரும்பட்டும் என்றது. பள்ளியின் கற்பித்தலை ஆய்வாளர் தனியாக அளக்காமல், ஒரு வல்லுநர் குழுவோடு சேர்ந்து பார்க்கட்டும் என்றும் சொன்னது.

இதில் என்னைத் தொட்டது ‘திரும்பட்டும்’ என்ற அந்தப் பகுதிதான். நோயாளியைத் தொடாமல் கோப்பை மட்டும் பார்க்கும் மருத்துவர் எத்தனை ஆண்டு மருத்துவராக இருக்க முடியும்? வகுப்பறையை விட்டு வந்தவர் வகுப்பறைக்குப் போய்விட வேண்டும் என்ற எண்ணம், ஒரு மருத்துவரின் தலைமையில் வந்தது பொருத்தமாகவே படுகிறது. அந்தச் சீட்டில் எழுதிய மருந்தை நாம் முழுதாக வாங்கவே இல்லை.

அதே பத்தாண்டில்தான் நெ. து. சுந்தரவடிவேலு 1954இல் கல்வித்துறை இயக்குநரானார். மாவட்டங்களில் கல்வி அலுவலராகப் பள்ளி பள்ளியாக அலைந்து, அடுக்கடுக்காக உயர்ந்தவர் அவர். காமராசர் காலத்து மதிய உணவுத் திட்டத்துக்கும், ஊர் ஊராக நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளுக்கும் அவரே கைகொடுத்தார். இந்த மாநாடுகள் ஆய்வாளரின் கேள்வியையே திருப்பிப் போட்டன. ‘இந்தப் பள்ளியில் என்ன குறை?’ என்ற கேள்வி முன்பு வாத்தியாரை நோக்கி வரும். இப்போது அது ஊரை நோக்கிப் போனது. மணி கொடுத்தார்கள், பெஞ்சு கொடுத்தார்கள், நிலம் கொடுத்தார்கள், சீருடை கொடுத்தார்கள். குறையைக் கண்டவரே குறையைத் தீர்க்க ஊரைத் திரட்டினார். ஆனாலும் மாநாடு முடிந்ததும், ஆண்டாய்வு நாளில், நாற்காலி பழைய இடத்திலேயே போடப்பட்டது.

பாயில் உட்கார்ந்தவர்கள்

உண்மையான திருப்பம் 1986ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் வந்தது. மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் எழுந்தன. 1990களில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் தருமபுரி, திருவண்ணாமலை, கடலூர், விழுப்புரம் பகுதிகளில் நுழைந்தபோது வட்டார வள மையமும் கூடவே வந்தது. அனைவருக்கும் கல்வி இயக்கம் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுசென்றது. ஆசிரியர் பயிற்றுநர் என்ற புதிய மனிதர் பிறந்தார். பள்ளிகளில் அவரைப் பி.ஆர்.டி.இ. என்றே சொல்வார்கள்.

அவர் அதிகாரி அல்லர். சம்பளத்தை நிறுத்தவோ விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பவோ அவருக்கு அதிகாரமில்லை. குறுவள மையத்தில் ஆசிரியர்களைக் கூட்டிப் பயிற்சி தருவதும், பிறகு பள்ளிக்குப் போய் அந்தப் பயிற்சி வகுப்பில் என்ன ஆனது என்று பார்த்து உதவுவதும் அவர் வேலை. உதவியும் மதிப்பீடும் ஒரே கையில் வந்தன.

சிக்கலும் அங்கேயே இருந்தது. பயிற்றுநர்களில் பலர் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் வழியே வந்த பட்டதாரிகள். பட்டமும் பி.எட்.டும் உயர் வகுப்புகளுக்குக் கற்பிக்கப் பெற்ற பயிற்சி. அவர்கள் வழிகாட்டப் போனதோ, ஒன்றாம் வகுப்பில் இருபது ஆண்டுகளாக எழுத்தறிவித்து வந்த இடைநிலை ஆசிரியர்களுக்கு. ஒரு பயிற்சி முகாமில் மூத்த ஆசிரியை ஒருவர் எழுந்து கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது: “சார், நீங்க ஒரு வாரம் என் ஒண்ணாம் வகுப்பை எடுத்துக் காட்டுங்க. நான் பின்னால உக்காந்து பாத்துக் கத்துக்கறேன்.” அதில் கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார்.

அந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் செயல்வழிக் கற்றலில் கிடைத்தது. எம். பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த 2003 வாக்கில், ஆந்திரத்தின் ரிஷிவேலி பள்ளியின் அனுபவத்தைப் பின்பற்றி மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது அது. 2007-08இல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. ஏணிப்படிகளாக அடுக்கிய அட்டைகள், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, தரையில் பாய். ஆசிரியர் பாயில் அமர்ந்தார். பார்க்க வந்த பயிற்றுநருக்கும் வேறு இடம் இல்லை. பிள்ளை ‘ம’வை எங்கிருந்து சுழிக்கத் தொடங்குகிறது என்பது கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்குத் தெரியாது; பக்கத்தில் சம்மணமிட்டவருக்குத் தெரியும். அந்த முறையைப் பற்றிக் குறை சொல்பவர்கள் உண்டு. சுமை கூடியது என்ற ஆசிரியர்களின் குரலிலும் நியாயம் உண்டு. மதிப்பிடுபவரைத் தரைக்கு இறக்கிய நன்மையை மட்டும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

இன்றைய வருகையாளர்கள்

இன்று ஒரு வட்டார வள மையத்துக்குள் போனால் அன்றைய ஆய்வாளர் கண்டிராத மனிதர்களைப் பார்க்கலாம். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர் இருக்கிறார். இயன்முறை மருத்துவர் இருக்கிறார். படுக்கையை விட்டு எழ முடியாத பிள்ளைக்காக அவர்கள் வீடுவரை போகிறார்கள். பள்ளிக்கு வராத அந்தப் பிள்ளை அன்றைய ஆண்டாய்வில் கணக்கிலேயே வந்ததில்லை. இப்படிப் புதிய கண்களோடு வந்தவர்கள் பலர் தொகுப்பூதியத்தில்தான் வாழ்கிறார்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25க்கு வரவேண்டிய ஒன்றிய அரசின் நிதி 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டபோது, அதன் அடி இவர்கள்மீதும் விழுந்தது.

ஆண்டாய்வுக்கு வந்துகொண்டிருந்த உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் 2018இல் வட்டாரக் கல்வி அலுவலர் ஆனார். நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து பதவி உயர்வில் வருபவரும் உண்டு, தேர்வெழுதி நேரடியாக வரும் இளைஞரும் உண்டு. 2022இல் மறுகட்டமைத்தபோது பள்ளி மேலாண்மைக் குழுவின் 20 பேரில் பெரும்பாலோர் பெற்றோராக இருந்தார்கள். தலைவர் ஒரு தாய். களை வெட்டிவிட்டு வந்து, ‘கழிப்பறையில தண்ணி ஏன் வரல?’ என்று கேட்க அவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. பட்டத்தை மட்டுமே தகுதியாகக் கொண்ட காலத்திலிருந்து நெடுந்தூரம் வந்திருக்கிறோம்.

கூடவே ஒன்று நுழைந்திருக்கிறது. பார்வையிட வருபவர் கையில் இப்போது கைப்பேசி இருக்கிறது. வகுப்பறை உற்றுநோக்கலைச் செயலியில் பதிய வேண்டும். 2022-23இல் 1 முதல் 3ஆம் வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அடிப்படைக் கற்றல் திட்டம் தொடங்கியபின் அரும்பு, மொட்டு, மலர் என்ற பிள்ளைகளின் கற்றல் நிலைகளும் பதிவாகின்றன. எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்பது மாநிலம் முழுக்கத் தெரிவது பெரிய பலம்தான். ஆனால் நாற்பது நிமிட வகுப்பில் பாதி நேரம் திரையைப் பார்த்தால், பாயில் இருக்கும் பிள்ளையை யார் பார்ப்பது? பள்ளிக்கு உதவ வந்தவர் தகவல் திரட்டுபவராகச் சுருங்கும்போது, பழைய நடுக்கம் வேறு உருவில் திரும்புகிறது. முன்பு பென்சிலுக்கு நடுங்கினோம், இப்போது பதிவேற்றத்துக்கு.

2023இல் எண்ணும் எழுத்தும் வகுப்புகளை பி.எட். படிக்கும் மாணவர்களைக் கொண்டு மதிப்பிட முனைந்தபோது ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. சோதனைக்கு அஞ்சி எதிர்த்ததாகச் சிலர் பேசினார்கள். எனக்கு அதில் அந்த மூத்த ஆசிரியையின் குரல்தான் கேட்டது: என் வகுப்பை அளப்பவர் ஒரு வகுப்பையாவது நடத்தியிருக்கிறாரா?

திரும்பிப் போகும் வழி

பயிற்றுநர்களில் ஒரு பகுதியினரைப் பட்டதாரி ஆசிரியர்களாகப் பள்ளிகளுக்கு அனுப்பும் ஏற்பாடு நம்மிடம் இருக்கிறது. 1953ஆம் ஆண்டுச் சீட்டின் ஒரு வரி அப்படியாவது பிழைத்திருக்கிறது. ஆனால் நடைமுறையில் அது பணியிட மாற்றமாகவே பார்க்கப்படுகிறது. அதையே முறையாக்கலாம். மாவட்டக் கல்வி அலுவலர் வரை, பள்ளியை மதிப்பிடும் ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு பாடவேளை, அருகிலுள்ள அரசுப் பள்ளியில், நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கட்டும். பார்வையிடப் போகும் பள்ளியில், படிவத்தை நிரப்புமுன் ஒரு மாதிரிப் பாடம் நடத்தட்டும். அதற்குப் புதிய பணியிடமும் வேண்டாம், பெரிய நிதியும் வேண்டாம்.

என் பள்ளி நினைவில் அப்படி ஒருவர் இருக்கிறார். ஐந்தாம் வகுப்பு ஆண்டாய்வுக்கு வந்த வேறொரு அலுவலர், வாத்தியார் பின்னம் நடத்தித் தடுமாறியதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து வந்து, “ஐயா, நான் கொஞ்சம் முயற்சி பண்ணட்டுமா?” என்று சாக்பீஸை வாங்கிக்கொண்டார். தோரணத்திலிருந்து ஒரு மாவிலையைப் பறித்து இரண்டாக மடித்தார், பிறகு நான்காக. அவருக்கும் ஓரிடத்தில் தடுமாறியது. வாத்தியார் எடுத்துக் கொடுத்தார். இருவரும் சேர்ந்து அந்தப் பாடத்தை முடித்தார்கள். வாத்தியாரின் கை அன்று நடுங்கவில்லை. பின்னம் எங்களுக்குப் புரிந்துவிட்டது.