சந்தை நேர்மையும் தெருவோரச் சிற்றுண்டியும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பெற்ற குடவோலைச் சாசனங்களைக் கேள்விப்படாத தமிழர் அரியர். ஆயினும், ஏரி வாரியத்தோடும் தோட்ட வாரியத்தோடும் பொன்னின் மாற்றைச் சோதிப்பதற்கென்றே ஒரு பொன் வாரியமும் அங்கே இருந்ததை நினைவிற் கொள்வோர் சிலரே. கொடுக்கல் வாங்கலில் வஞ்சகம் புகாமற் காப்பது ஊர்ச்சபையின் தர்மம் என்று அவ்வூரார் கருதினார்கள்.

இக்கருத்து கடலுக்கு அப்பால் மெக்ஸிகோ தேசத்திலும் வேரூன்றியிருந்தது. ஸ்பானியப் படைத்தலைவன் எர்னான் கோர்ட்டெஸ் 1520-இல் தன் அரசனுக்கு வரைந்த கடிதத்தில், ஆஸ்டெக் தலைநகரின் பெருஞ்சந்தையில் தினமும் அறுபதினாயிரம் பேருக்கு மேற் கூடுவதையும், பணம் கொடுத்து உண்ணும் விடுதிகள் அங்கிருப்பதையும், பத்துப் பன்னிரண்டு நியாயாதிபதிகள் சந்தையிலேயே அமர்ந்து வழக்குத் தீர்ப்பதையும், பொய்யளவைகளைக் கண்ட இடத்திலேயே அதிகாரிகள் உடைத்தெறிவதையும் வியந்து எழுதினான்.

அந்தச் சந்தை மரபு இன்றும் அங்கே ஜீவனோடு விளங்குகிறது. அதன் ஓரத்தில்தான் அத்தேசத்தாரின் அவசர உணவு பிறக்கிறது. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, அரைத்த மாவில் கறியோ மிளகாய்க் குழம்போ பொதிந்து, சோளமடலிலோ வாழையிலையிலோ மடித்து ஆவியில் அவித்த தமால், விடியற்காலையில் வேலைக்குச் செல்வோர் கையில் சுடச்சுட ஏறுகிறது. பச்சரிசியும் உளுந்தும் கொரகொரப்பாக அரைத்து, மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கிற் குடலையில் அவிக்கும் காஞ்சிபுரத்து இட்லியை அறிந்த நமக்கு அதன் மணம் அந்நியமாகத் தோன்றாது.

உத்திரமேரூர் வட்டாரத்துக் குடியானவர் மணிலா என்றும் மல்லாட்டை என்றும் வழங்கும் வேர்க்கடலையும் தென்னமெரிக்க மண்ணில் தோன்றியதே. மணிலா என்ற பெயர் ஒரு கடல்வழியை நினைவூட்டுகிறது: மெக்ஸிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் மணிலாவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. இன்று மாலை வேளையில், இரும்புச் சட்டியில் மணலைக் காய்ச்சி, கரண்டியால் விளிம்பைத் தட்டிக்கொண்டே கடலை வறுத்துப் பொட்டலம் கட்டித் தருகிற தள்ளுவண்டிக்காரர், அந்த நெடும் பிரயாணத்தின் கடைசிக் காதத்தை நடந்து முடிக்கிறார்.

விளைநிலத்துக்கும் வாய்க்கும் இடையே தூரம் குறைந்த உணவே, எவ்வளவு அவசரமாக உண்ணப்படினும், சிறந்தது என்பது என் துணிபு. எங்கோ பொரித்து உறையவைத்துப் பெட்டியில் வரும் பண்டத்தினிடம் எனக்கு மதிப்பில்லை. ஆனால் தெருவோர வியாபாரிக்கு நிழலும் நல்ல தண்ணீரும் இல்லாதபோது, சுத்தத்தை மட்டும் அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

இக்குறையை அவரே எடுத்துரைக்க வழியுண்டு: நம் நாட்டின் 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40-க்குக் குறையாத இடங்களை வியாபாரிகளுக்கே அளித்து, அவர்களைத் தமக்குள் தேர்தல் நடத்தி அனுப்பச் சொல்கிறது. அவ்விடங்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு உரியது. தேர்தல் முறையைக் கல்லிலே எழுதிவைத்த ஊரார், தங்கள் கடைத்தெருவில் இச்சட்டம் முழுமையாக நடைபெறும்படி பேரூராட்சியைக் கேட்டு வாங்க வேண்டும்.